மாமாவின் பதினோரு நிமிடம்

போன மாதம் அந்தக் கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். ஒரு பொக்லைன், நான்கு டிப்பர், ஒன்றரை நாள் வேலை. பாறையை உடைத்து அறுபது அடி இறக்குவதற்கு எங்கள் பாட்டன் காலத்தில் மூன்று கோடைகள் ஆனதாகச் சொல்வார்கள். ஓசூரிலிருந்து நான் ஊருக்குப் போன சனிக்கிழமை, கிணறு இருந்த இடத்தில் ஒரு செம்மண் மேடுதான் இருந்தது. அதன்மேல் கோழி ஒன்று கிளறிக்கொண்டிருந்தது.

காவேரிப்பட்டணத்திலிருந்து பாலக்கோடு போகிற சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். மாந்தோப்பும் தக்காளியும்தான் பிழைப்பு. இரண்டுக்கும் ஒரு காலத்தில் கிணறுதான் கதி. இப்போது ஆயிரம் அடிக்கு ஆழ்துளை போடுகிறார்கள். வறண்டு கிடக்கிற பாறைக் கிணற்றை யார் கட்டிக்கொண்டு அழுவது? தூர்த்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நானே பம்பு செட் விற்றுப் பிழைக்கிறவன். ஆனால் அந்தக் கிணற்றின் கிழக்கு விளிம்பில் ஒரு துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, கையில் ஓர் எச்எம்டி கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு, நான் நிமிடங்களை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்த பகல் ஒன்று உண்டு. அதை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

கடிகாரம் என் மாமாவுடையது. அம்மாவுக்கு நேர் இளையவர். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு ஆள் எடுப்புக்குப் போய், பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கிற மெட்ராஸ் சாப்பர்ஸ் மையத்தில் சேர்ந்தவர். மெட்ராஸ் பொறியாளர் படை என்று சொன்னால் சிலருக்குப் புரியும். 1780இல் தொடங்கிய படைப்பிரிவு அது. பட்டாளத்தில் அவர்களுக்குச் செல்லப் பெயர் 'தம்பி'. பாலம் கட்டுவார்கள், பாதை போடுவார்கள், கண்ணிவெடி புதைப்பார்கள், மற்றவன் புதைத்ததைத் தோண்டி எடுப்பார்கள். துப்பாக்கி தூக்குகிற அளவுக்கு மண்வெட்டியும் கயிறும் தூக்க வேண்டும். ஊருக்கு இது பெரிய ஏமாற்றம். "கொத்து வேலைக்கா அவ்வளவு தூரம் போனாய்?" என்று தாத்தாவே கேட்டாராம்.

இரண்டு மாத லீவில் வருவார். பெயரும் எண்ணும் வெள்ளைப் பெயிண்டில் எழுதிய கறுப்பு இரும்புப் பெட்டி முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். பெட்டியைத் திறந்தால் கேண்டீன் சோப்பு வாசனை. ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேர் பெட்டியின் அடியில் என்ன இருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு திண்ணையில் வந்து உட்காருவார்கள். எனக்கு அவர் முடிச்சுகள் சொல்லிக்கொடுப்பார். கயிற்றுக் கட்டிலின் தொங்கும் முனையை எடுத்து, இழுத்தாலும் இறுகாத ஒரு கண்ணியைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவார். போலைன் என்று அதற்குப் பெயர். "இதை இருட்டில் போடத் தெரிந்தால்தான் தெரியும் என்று அர்த்தம், மாப்பிள்ளை" என்பார். என்னால் வெளிச்சத்திலேயே போட முடியவில்லை.

நான் எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்த கோடை அது. கிருஷ்ணகிரி அப்போது தனி மாவட்டம் ஆகவில்லை, 2004 பிப்ரவரியில்தான் பிரித்தார்கள். நாங்கள் தர்மபுரி மாவட்டத்துக்காரர்கள். இரண்டு ஆண்டு மழை பொய்த்து, கிணறுகளெல்லாம் பாறை தெரியக் கிடந்தன. அந்தக் கிணற்றுக்காரர் தூர் வாரத் தொடங்கியிருந்தார். அடியில் சேற்றோடு நின்ற தண்ணீரை இறைத்தால்தான் மண் அள்ள முடியும். கரண்டு வருவதும் போவதுமாக இருந்ததால் மண்ணெண்ணெய் என்ஜின் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்தார்கள். அதைக் கிணற்றுக்குள்ளேயே, தண்ணீருக்குச் சற்று மேலே இருந்த பாறைத் திட்டில் இறக்கி வைத்தார்கள்.

அங்கே ஏன் வைத்தார்கள் என்று பிற்பாடு நிறையப் பேர் கேட்டார்கள், முட்டாள்தனம் என்றார்கள். என் தொழிலை வைத்துச் சொல்கிறேன், அது முட்டாள்தனம் இல்லை. பம்பு தண்ணீரை இழுப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது குழாயிலிருந்து காற்றை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். வெளியே இருக்கிற காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. காற்றின் பலம் கணக்குப்படி 33 அடி. நடைமுறையில் 25 அடி தேறினால் பெரிது. அறுபது அடிக் கிணற்றின் தலைமாட்டில் பம்பை வைத்துவிட்டு விடிய விடிய ஓட்டினாலும் ஒரு சொட்டு வராது. தண்ணீர் கீழே போகப் போக என்ஜினும் பின்னாலேயே இறங்கித்தான் ஆகவேண்டும், அதன் பின்னால் ஓர் ஆளும்.

என்ஜினின் புகையில் இருப்பது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துகொள்ளும், ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு. திறந்த வெளியில் காற்று கொண்டுபோய்விடும். பாறைக் கிணற்றுக்குள் எங்கே போகும்?

அன்று காலை பத்து மணிவாக்கில் எண்ணெய் தீர்ந்து என்ஜின் நின்றது. ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து மண் எடுக்க வந்து, மனைவியோடு கொட்டகையில் தங்கியிருந்த கூலியாள், எண்ணெய் டப்பாவோடு இறங்கினார். என்ஜின்தான் ஓடவில்லையே, இனி என்ன பயம் என்று நினைத்திருப்பார். நின்ற என்ஜின் ஏற்கெனவே விட்ட புகை அங்கேயே இருந்தது. கொஞ்ச நேரத்தில் டப்பா பாறையில் உருளும் சத்தம் கேட்டது. கிணற்றுக்காரரின் மகன், இருபது இருபத்திரண்டு வயது, எட்டிப் பார்த்துவிட்டுக் கல்படிகளில் தடதடவென்று இறங்கினார். பாதிக்குக் கீழே, படி திரும்புகிற இடத்தில், களைத்துப்போனவர்போல உட்கார்ந்தார். தலை முழங்காலில் சாய்ந்தது. அதன்பின் நிமிரவில்லை.

நாங்கள் அப்போது இரண்டு வயல் தள்ளி வேப்பமரத்தடியில் இருந்தோம். மாமாவின் முகத்தில் பாதிச் சவரம், பாதிச் சோப்பு நுரை. அலறல் கேட்டதும் அப்படியே ஓடினார், பின்னால் நான்.

அங்கே மூன்றாவது ஆள் தயாராக இருந்தார். இறங்கிய பையனின் சித்தப்பா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் படியில் கால் வைத்துவிட்டார். மாமா பின்னாலிருந்து அவருடைய அரைஞாண் கயிற்றோடு சேர்த்துப் பிடித்து இழுத்துத் தரையில் தள்ளினார். "மூன்று பேர் இவர்மேல் உட்காருங்கள். எவனும் இறங்கக் கூடாது." சொன்ன குரல் எங்கள் மாமாவின் குரலாக இல்லை. மூன்று பேர் உட்கார்ந்தே விட்டார்கள்.

அடுத்து என்னைப் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். "ஒவ்வொரு நிமிடமும் சத்தமாகச் சொல். வேறு எதையும் பார்க்காதே."

அந்தப் பகலில் எனக்கு ஒரே வேலை, அந்த முள்ளைப் பார்ப்பது. வெள்ளை முகப்பு, கறுப்பு எண்கள், சோப்பு நுரை ஒட்டிய கண்ணாடி. நுரையைத் துடைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நுரையின் ஊடாகவே பார்த்தேன்.

ஒன்று. அடுத்த காட்டில் புதுக் கிணற்றுக்குக் குழி போட்டுக்கொண்டிருந்த கம்ப்ரசர் டிராக்டரை ஹோஸ் குழாயோடு கொண்டுவரச் சொல்லி ஒருவனை மொபெட்டில் விரட்டினார். கருங்கல் உடைக்கிற சீமை இது. அந்த வண்டி இல்லாத திசை கிடையாது, அதுதான் அன்று கொடுத்துவைத்தது. இரண்டு. வேப்பங்கிளைகளை ஒடித்துக் கற்றையாகக் கட்டி, கயிற்றில் கோத்துக் கிணற்றுக்குள் விட்டு மேலும் கீழும் இழுக்கச் சொன்னார், காற்று கலங்கட்டும் என்று. மூன்று. இரண்டு கயிறுகள் வந்தன. ஒன்று நைந்திருந்தது, வீசி எறிந்தார். மற்றதை மரத்தில் கட்டி, உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்துப் பார்த்தார். யாரோ லாந்தரைக் கொண்டுவந்தார்கள். விளக்கை இறக்கி, அணைந்தால் இறங்காதே, எரிந்தால் இறங்கு என்பது நம் பழைய முறை. மாமா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காற்றில் 21 சதவீதம் இருக்கிற ஆக்சிஜன் 16 சதவீதத்தை ஒட்டி இறங்கினால்தான் சுடர் அணையும். கார்பன் மோனாக்சைடைச் சுடருக்குத் தெரியாது. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பிடித்தவன் விழுந்திருப்பான்.

இதற்குள் கூட்டம் கூடிவிட்டது. என் காதில் விழுந்தவற்றில் பாதியை இங்கே எழுத முடியாது. பையனின் தாய் மண்ணை வாரி மாமாமேல் எறிந்தார். "கண் முன்னால் பிள்ளை சாகிறான், பட்டாளத்துக்காரன் கயிறு திரிக்கிறான்!" சித்தப்பா தரையில் கிடந்தபடியே, ஆண்பிள்ளையா என்று கேட்டார். தொடங்கி நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. ஊர் முழுக்கக் கோழை என்று தீர்மானித்துவிட்டது. கூலியாளின் மனைவி மட்டும் எதுவும் சொல்லவில்லை. கிணற்று விளிம்பில் மண்டியிட்டுக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஐந்து என்றபோது டிராக்டர் வந்துவிட்டது. மாமா அதைக் கிணற்றை ஒட்டி நிறுத்த விடவில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, வண்டியின் புகை கிணற்றுப் பக்கம் வராதபடி திருப்பச் சொன்னார். டிராக்டர்காரன் கத்தினான், ஊரார் கத்தினார்கள், வண்டி திரும்பியது. ஹோஸ் குழாய் கீழே இறங்கிப் புஸ்ஸென்று சீறியது. மாமா மார்பைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி அந்த இறுகாத கண்ணியைப் போட்டுக்கொண்டார். நான்கு பேரைக் கயிற்றில் நிறுத்தினார். ஒருமுறை சுண்டினால் நிறுத்து, இருமுறை விடு, மும்முறை தூக்கு. பத்து எண்ணும்வரை கயிற்றில் அசைவே இல்லையென்றால் என்னைக் கேட்காதே, தூக்கு. ஒரு பெரியவர் நனைத்த துண்டை நீட்டி மூக்கில் கட்டிக்கொள்ளச் சொன்னார். "இந்தப் புகைக்கு ஈரத்துணி நிற்காது, பெரியவரே" என்று இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "காற்று மூன்று நிமிடம் போகட்டும். எட்டு என்று நீ சொன்னதும் இறங்குகிறேன்" என்றார்.

நான் எட்டு என்றேன். இறங்கினார்.

படித் திருப்பத்தில் இருந்த பையனை முதலில் கட்டினார். அக்குளுக்கு அடியில் கயிறு, ஈரத்துண்டால் இரண்டு மணிக்கட்டும் சேர்த்து ஒரு கட்டு. மயங்கியவன் கை மேலே போனால் கயிற்றிலிருந்து நழுவிவிடுவான். மூன்று சுண்டல். பையன் பாறையில் உரசிக்கொண்டே மேலே வந்தான். மூச்சு இருந்தது, கொரகொரவென்று. மாமாவுக்கு இப்போது கயிறு இல்லை. ஹோஸ் குழாயின் வாயை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, கயிறு திரும்பி வரும்வரை அதே திருப்பத்தில் நின்றார். அவர் அன்று செய்தவற்றில் எனக்கு இன்றும் நினைத்தால் வயிறு கலங்குகிற இடம் அதுதான். கயிறு வந்தது. கீழே திட்டுக்கு இறங்கினார். நான் பதினொன்று என்று சொன்னபோது கூலியாளின்மேல் கை வைத்துவிட்டார்.

அவரை மேலே தூக்கிக் கிடத்தியபோது, அவருடைய மனைவி கையைப் பிடித்து விரல்களை விரித்துக் காட்டினார். "பாருங்கள், நகமெல்லாம் சிவப்பாக இருக்கிறது. உயிர் இருக்கிறது." நகங்கள் உண்மையிலேயே இளஞ்சிவப்பாக இருந்தன. அந்தப் புகை ஏறிய ரத்தத்தின் நிறம் அது. அன்று அங்கிருந்தவர்களில் மாமாவுக்கு மட்டும்தான் அது தெரியும். அவர் ஒன்றும் சொல்லாமல் முக்கால் மணி நேரம் அந்த மார்பை அழுத்திக்கொண்டும் வாயில் ஊதிக்கொண்டும் இருந்தார். வண்டி வரும்வரை நிறுத்தவில்லை. நடுநடுவே ஓரமாகத் திரும்பி வாந்தி எடுத்துவிட்டு மீண்டும் தொடங்கினார்.

பையன் பிழைத்தார். நான்கு நாள் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்று அவருக்குப் பேரப்பிள்ளை உண்டு. கிணற்றைத் தூர்த்தவரும் அவர்தான்.

ஊர் மறுநாளே கட்சி மாறியது. மண்ணை எறிந்த தாய் வந்து மாமா காலில் விழப்போனார், மாமா புழக்கடை வழியாக வெளியே போய்விட்டார். இன்னொரு பேச்சும் மெல்லக் கிளம்பியது: நிலத்துக்காரன் மகனை முதலில் தூக்கினார், கூலிக்காரனை இரண்டாவதாகத்தானே தூக்கினார் என்று. நான் இதைப் பல முறை யோசித்திருக்கிறேன். பையன் பாதி வழியில் இருந்தார், கூலியாள் அடியில். வழியில் இருப்பவரைத் தாண்டிக்கொண்டு கீழே போக முடியாது, போயிருந்தால் இருவரும் செத்திருப்பார்கள். கணக்கு சரி. ஆனாலும் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் ஊரில் அந்தக் கேள்வி எழாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியப்பட்டிருப்பேன்.

பள்ளித் தலைமையாசிரியர் ஒரு மனு எழுதினார். ஜீவன் ரக்ஷா பதக்கம் என்று ஒன்று உண்டு, 1961இல் ஏற்படுத்தியது. நீரில், நெருப்பில், சுரங்கத்தில், இதுபோன்ற இடங்களில் உயிரைப் பணயம் வைத்து இன்னோர் உயிரைக் காப்பாற்றியவர்களுக்கு. பட்டாளத்துக்காரர்களும் பெறலாம், பணியில் இல்லாத நேரத்தில் செய்ததாக இருந்தால். லீவில் சவரம் செய்துகொண்டிருந்தவரைவிடப் பணியில் இல்லாதவர் யார்? அந்தப் பதக்கத்தின் முகப்பில் ஓர் அபயக் கை இருக்கும், மேலே 'மா பைஷீ' என்று வடமொழியில். அஞ்சேல் என்பதுதான் அதன் தமிழ். தலைமையாசிரியர் அதையெல்லாம் விளக்கிவிட்டு, மனுவை மாமாவிடம் படித்துக் காட்டினார். "ஓர் உயிரைக் காத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், ஐயா. நான் இறங்கியது இரண்டு பேருக்கு" என்றார் மாமா. இறந்தவரைச் சேர்த்தால் மனு பலவீனமாகிவிடும் என்றார் ஆசிரியர். சேர்க்காவிட்டால் வேண்டாம் என்றார் மாமா. மனு ஆசிரியரின் மேசை இழுப்பறையிலேயே தங்கிவிட்டது.

வீரத்துக்குக் கொடுக்கும் விருதுகளின் விதிகளில் ஒரு சொற்றொடர் வரும்: எதிரியின் முன்னிலையில். பரம் வீர் சக்கரம், மகா வீர் சக்கரம், வீர் சக்கரம் மூன்றும் எதிரி முன்னால் நிற்கும்போது காட்டிய வீரத்துக்கு. எதிரி இல்லாத இடத்தில் காட்டிய வீரத்துக்கு அசோகச் சக்கரம், கீர்த்தி சக்கரம், சௌரிய சக்கரம். 1952இல் இவை அசோகச் சக்கரம் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்றுதான் தொடங்கின. 1967இல் இப்போதைய பெயர்கள் வந்தன. எதிரி இல்லாத இடம் என்று எழுதியவர்கள் ஏதாவது ஒரு கிணற்றுக்குள் எட்டிப் பார்த்திருப்பார்களா என்று தெரியவில்லை.

விருதுகளை விடுங்கள். எங்கள் பக்கத்தில் வீரத்துக்கு அதைவிடப் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. அதியமான் ஆண்ட தகடூர்ச் சீமை இது. வயல் வரப்பில், ஏரிக்கரையில், புளியமரத்தடியில் நடுகற்கள் நிற்கும். தர்மபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாகப் பார்க்கலாம். பாதிக் கற்களுக்கு இன்னும் பூசை உண்டு, வேடியப்பன் என்ற பெயரில். நாங்கள் கும்பிடுகிற வேடியப்பன் கையில் வில்லோடு, பொரிந்துபோன முகத்தோடு நிற்கிறார். இவர்களில் பலர் அரசனுக்காகப் படையெடுத்துப் போனவர்கள் அல்லர். மாட்டு மந்தையைக் கள்வர் ஓட்டிக்கொண்டு போனபோது பின்னால் ஓடியவர்கள், ஊருக்குள் வந்த புலியைக் குத்தியவர்கள், பன்றியோடு மல்லுக்கு நின்றவர்கள். அந்தப் பக்கம் செங்கம் அருகே எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்துக் கல் ஒன்றில், இறந்த வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். கள்வர் இருவரைக் கடித்துவிட்டுக் காத்து நின்றதாம்.

கற்களில் வட்டெழுத்தில் திரும்பத் திரும்ப வருகிற வாசகம் 'தொறு மீட்டுப் பட்டான்'. தொறு என்றால் மாட்டு மந்தை. பட்டான் என்றால் செத்தான். மந்தையை மீட்டுச் செத்தவனுக்குக் கல் நட்டார்கள், நல்லது. மந்தையையும் மீட்டு, உயிரோடு வீட்டுக்கு வந்து, கால் கழுவிவிட்டுக் கூழ் குடித்தவனும் ஒருவன் இருந்திருப்பான் அல்லவா? அவனுக்குக் கல் இல்லை. இந்த எண்ணம் எனக்கு வந்தது முதல் நடுகல்லைப் பார்க்கும்போதெல்லாம் அதற்குப் பக்கத்தில் காலியாகக் கிடக்கிற தரையையும் பார்க்கிறேன். அன்று சித்தப்பாவை இறங்க விட்டிருந்தால் எங்கள் ஊர் அவரைக் காலத்துக்கும் கொண்டாடியிருக்கும். விடாதவருக்கு மண்ணை வாரி எறிந்தது.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள நோயும் இல்லை. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 1986இல் வெளியிட்ட குறிப்பு ஒன்று, கிணறு, தொட்டி, சாக்கடை போன்ற அடைபட்ட இடங்களில் செத்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் காப்பாற்றப் போனவர்கள் என்கிறது. பம்பு வாங்க வருகிறவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு. கேட்டுக்கொள்வார்கள். தள்ளுபடி எவ்வளவு என்பார்கள்.

மாமாவிடம் ஒருமுறை இதைப் பேசினேன். கண்ணிவெடிப் பயிற்சியில் முதல் பாடமே அதுதான் என்றார். முன்னால் போனவன் காலை இழந்து கத்துவான், ஓடாதே. அவன் கிடக்கிற நிலத்தில்தான் நீயும் நிற்கிறாய், தடவித் தடவிப் பாதை செய்துகொண்டு போ. அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார். அவர்கள் படையில் ஒவ்வொரு தம்பியும் அறிந்த பெயர், காஞ்சிபுரம் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன். 1944 ஜூன் 24, இத்தாலி. கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்த இடத்தில் வெடி ஒன்று கிளம்பிவிட்டது. கூட இருந்தவர்களைக் காக்க அதன்மேலேயே விழுந்தார். ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். எதிரி நேரே நில்லாத இடத்து வீரத்துக்கு அன்று இருந்ததில் மிகப் பெரியது. "அவருக்கு இருந்தது ஒரு கண் சிமிட்டும் நேரம். அதற்குள் அவர் செய்ததைவிடச் சரியானது எதுவும் கிடையாது. எனக்குப் பதினோரு நிமிடம் இருந்தது, மாப்பிள்ளை" என்றார் மாமா.

2022 பிப்ரவரியில் பாலக்காட்டு மலம்புழாவில் ஓர் இளைஞர் செங்குத்துப் பாறையின் பொந்தில் 40 மணி நேரத்துக்கும் மேல் சிக்கிக்கொண்டார். வெலிங்டனிலிருந்து மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆட்கள் இரவோடு இரவாகப் போய், விடிந்தபின் மேலிருந்து கயிற்றில் இறங்கி அவரை மார்போடு சேர்த்துக் கட்டித் தூக்கினார்கள். நாங்கள் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். பையனையும் வீரரையும் எல்லோரும் பார்த்தோம், மாமா கயிற்றைப் பார்த்தார். "இரண்டாவது கயிறு போட்டிருக்கிறார்கள்" என்றார். அவர் குரலில் இருந்தது மகிழ்ச்சியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதினொன்று என்கிற எண் அவரை விடவே இல்லை. நாயப் சுபேதாராக ஓய்வு பெற்று, சில ஆண்டுகள் கிருஷ்ணகிரியில் வங்கிக் காவல் வேலை பார்த்து, இப்போது ஊரில் இரண்டு மாடுகளோடு இருக்கிறார். ஊத்தங்கரைப் பக்கம் ஒரு முகவரிக்கு அவர் மணியார்டர் அனுப்பிக்கொண்டிருந்தது அம்மாவுக்குத் தெரியும். எவ்வளவு, எத்தனை ஆண்டுகள் என்பது தெரியாது. கேண்டீன் ரம் இரண்டாவது டம்ளர் உள்ளே போனால், யாரும் கேட்காமலே கணக்கைத் தொடங்குவார். டிராக்டரைத் திருப்பாமல் விட்டிருந்தால் அரை நிமிடம். கயிற்றைச் சோதித்த நேரம் கால் நிமிடம். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் பதினொன்றில் வந்து நிற்பார்.

அதனால்தான் என்னால் சொல்ல முடியாமல் இருந்தது. கிணறு செம்மண் மேடாகிக் கிடந்த அந்தச் சனிக்கிழமை மாலை, அவருடைய மாட்டுக் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தபோது சொன்னேன்.

ஏழு என்று நான் சொன்னது பொய். ஆறு சொன்னதும் தலையைத் தூக்கிவிட்டேன், பார்க்கக் கூடாது என்றிருந்தும். கூலியாளின் மனைவி விளிம்பில் மண்டியிட்டபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்துகிறவர்கள் எல்லோரும் மாமாவைப் பார்த்துக் கத்தினார்கள்; அவர் மட்டும் என்னைப் பார்த்தார், கடிகாரம் என்னிடம் இருந்ததால். நான் குனிந்தபோது முள் பாதிச் சுற்றுக்கூடப் போகவில்லை. ஏழு என்றேன். அது ஒரு சுற்று முடித்தபோது எட்டு என்றேன். நீங்கள் இறங்கிவிட்டீர்கள். மாட்டிக்கொள்வேனோ என்று பயந்து, அதன் பிறகும் அப்படியே ஒன்று கூட்டிக்கூட்டிச் சொல்லிக்கொண்டு போனேன்.

மாமா மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

"காற்று மூன்று நிமிடம் போகவில்லையா?"

"இரண்டு, மாமா. அதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும்."

"முள் எங்கே இருந்தது?"

"எட்டு சொன்னபோது ஏழைத் தாண்டிக் கொஞ்சம்."

ஹவில்தாரிடம் அறிக்கை சொல்வதுபோல இருந்தது எனக்கு. திட்டுவார் என்று நினைத்தேன். மூன்று நிமிடம் என்பது அவர் தன் உயிருக்காகக் கேட்டது. அதில் பெரும்பகுதி ஒரு நிமிடத்தைத் திருடியவன் நான். அந்த வாந்தியும், அதன்பின் இரண்டு நாள் அவர் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்ததும் என் கணக்கில்தான் சேரும்.

அவர் உதடுகள் அசைந்தன. விரல் ஒவ்வொன்றாகத் தொடையில் தட்டியது.

"அப்படியென்றால் பதினொன்று இல்லை. பத்து" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, என்னிடம் இல்லை, மாட்டிடமும் இல்லை, "பத்து" என்று இன்னொரு முறை சொன்னார். பிறகு தொட்டி நிரம்பி வழிவதைப் பார்த்துவிட்டு, மோட்டாரை நிறுத்த எழுந்து போனார்.